மூக்குத்தியைத் திருகிய கை

விழுப்புரம் சென்டரில் இந்த மாதம் சேர்ந்திருக்கிற நான்கு பேருக்கும் இதை எழுதுகிறேன். நான் திண்டிவனம் கிளைக்கு மாறிப் போகிறேன். தம்பி போன பிறகு ஒலக்கூரில் அம்மா தனியாக இருக்கிறாள், பொழுது சாய்வதற்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். இங்கே ஏழு வருஷம் இருந்தேன். படித்தது எட்டாவது. எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் போன பிறகு.

மெஷினைப் பற்றி டெக்னீஷியன் அண்ணன் சொல்லித் தருவார். நான் எழுதுவது நம்முடைய வேலையைப் பற்றி. உள்ளே போகிறவருடைய நகை, இரும்பு எல்லாவற்றையும் கழற்றி வாங்குகிறோம். ஃபாரம் நிரப்புகிறோம். கையைப் பிடித்துப் படுக்க வைக்கிறோம். இதில் என்ன பெரிய தப்பு வந்துவிடும் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சேர்ந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். வளவனூர்ப் பக்கம் கரும்பு வைத்திருக்கிற ஒருவர் தலைவலி என்று தலைக்கு ஸ்கேன் எடுக்க வந்தார். ஸ்கேன் பார்க்கிற டாக்டரம்மாவுக்குப் பின்னால் நின்று நானும் திரையை எட்டிப் பார்த்தேன். மூளையில் ஒரு பக்கம் இருந்த பள்ளம் இன்னொரு பக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே வந்ததும் அவர் கேட்டார்.

"இன்னாம்மா, படம் எப்டி வந்துக்கீது?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன முகமும் சாவு வீட்டு முகம்.

மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகனுக்குப் போன் போட்டு, எந்தக் கழனிக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும், பம்புசெட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"உன் ரெண்டு காதும் ஒரே அளவா?"

"தெரியலையே மேடம்."

"ரெண்டு பாதம்? செருப்புக் கடையில எந்தக் காலுக்குப் போட்டுப் பாப்ப?"

"பெரிய காலுக்கு மேடம்."

"மூளையும் அப்படித்தான். யாருக்கும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது. ஒவ்வொருத்தருக்கும் பொறந்ததுலேர்ந்து ஒரு வாகு இருக்கு. அந்த வாகு நோயில்ல. வருஷம் போகப் போக அது மாறுதா, அதான் கேள்வி. வலிப்புல, மறதியில, கை நடுக்கத்துல எல்லாம் சில பேருக்கு ஒரு பக்கம் முந்திக்கினு தேயும். அதனாலதான் பழைய ஃபிலிம் கொண்டாங்கன்னு தொண்டை வத்தக் கத்தறேன்."

கரும்புக்காரருக்குக் கண்ணாடி போட்டதும் தலைவலி நின்றுவிட்டது. வேன் வாடகைக்கு இன்று வரைக்கும் என்னைத் திட்டுவதாகக் கேள்வி.

அந்த வாகு என்ற வார்த்தை மட்டும் எனக்கு மனசில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் பழைய ஃபிலிம் கேட்பேன். சிலர் கிரகணம் பார்க்க எடுத்துப்போய்த் தொலைத்திருப்பார்கள். சிலர் ஜன்னல் கண்ணாடி உடைந்த இடத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். பிய்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது பச்சையம்மா அக்காவைப் பற்றி. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

முகையூர்ப் பக்கத்து ஊர். ஐம்பது வயசு இருக்கும். இரண்டு தடவை வலிப்பு வந்தது என்று புருஷன் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் ஒல்லியான ஆள், கேட்டால்தான் பேசுவார். அக்கா அப்படி இல்லை. மெஷினைப் பார்த்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"தே பொண்ணே, இந்தக் குகைக்குள்ள பூந்தா உசுரோட வெளிய வுடுவீங்களா, இல்ல அப்டியே பார்சலா?"

"வுட்டுடுவோம் யக்கா. உங்கள வெச்சிக்கினு நாங்க இன்னா பண்றது?"

"அதும் சரிதான். எங்கூட்டு ஆளே முப்பது வருசமா அதத்தான் யோசிச்சிக்கினு கீறாரு."

வெளியே பெஞ்சில் இருந்த அவள் புருஷன் சிரித்தார். அப்போதுதான் அவரும் நான்கு வார்த்தை பேசினார். அவர்கள் ஊரிலிருந்து நெல்லோ மல்லாட்டைக் கடலையோ விற்பனைக்கு விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு வந்தால் கூடவே அக்காவும் வருவாளாம். ஈரம் இருக்கிறது, பதர் இருக்கிறது என்று வியாபாரி விலையைக் குறைத்தால் அக்கா வாயைத் திறப்பாளாம். "இவ வாய் பேசலன்னா எங்க ஊரு மூட்டைக்கு வெலயே இல்லம்மா. எனுக்கு நாலு பேரு முன்னால பேச வராது. ஊட்டுக்கும் இவ வாய்தான், ஊருக்கும் இவ வாய்தான்" என்றார்.

நகை கழற்றும்போது மூக்குத்தி மட்டும் வரவில்லை. பல வருஷம் கழற்றாத திருகு. நான் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், வழுக்கியதுதான் மிச்சம். "நவுரு, ஒன் கை வெண்ணெ" என்று சொல்லி அவளே ஒரே திருகில் கழற்றி என் உள்ளங்கையில் போட்டாள்.

ஃபாரத்தில் எந்தக் கைப் பழக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். இங்கே எல்லோரும் எப்படிக் கேட்பார்களோ அப்படித்தான் நானும் கேட்டேன்.

"எந்தக் கையால சாப்புடுவீங்க யக்கா?"

"இன்னா கேள்வி இது? சோத்தாங்கையாலதான். பீச்சாங்கையால யாராவது சோறு துன்னுவாங்களா? உங்கூட்டுல எப்டி?"

எல்லோரும் சிரித்தோம். வலது என்று எழுதினேன்.

அவள் உள்ளே போன பிறகு புருஷன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"கொஞ்ச நாளா இவளுக்குப் பேரு வரமாட்டேங்குதும்மா. சொம்பக் காட்டி அது, அதுன்றா. எம் பேரும் வரல போலக்கீது."

"அண்ணே, எந்தப் பொண்டாட்டி புருசன் பேரச் சொல்றாங்க?"

இதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூச்சத்தோடு சிரித்துவிட்டு பெஞ்சுக்குப் போய்விட்டார். டாக்டரம்மாவிடம் அதைச் சொல்லவே இல்லை. சொல்ல விடாமல் செய்தது என் சிரிப்பு.

நல்ல வேளையாக அவர் பழைய ஃபிலிம் வைத்திருந்தார். இரண்டு வருஷம் முன்னால் அக்கா வரப்பில் விழுந்து தலையில் அடிபட்டபோது திண்டிவனத்தில் எடுத்தது. யூரியா பையில் சுருட்டி எடுத்து வந்திருந்தார். டாக்டரம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்.

"முன்னாடி வலப்பக்க மடிப்பு ஒரு நூல் பெருசா இருந்திருக்கு. அது இவங்க வாகு. இப்ப இடப்பக்கம் பெருசாத் தெரியுது, பாரு. இடது வளரல. வலதை ஏதோ ஒண்ணு அழுத்துது."

காதுக்கு மேலே, வலப்பக்கத்தில், சின்னக் கட்டி. பழைய ஃபிலிம் இல்லாவிட்டால் எத்தனை வருஷமாக இருக்கிறதோ, பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருப்பார்கள். மாறியது தெரிந்ததால் உடனே பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் என்று முடிவானது.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் வீட்டில் இருந்தேன். தம்பி வேலை செய்த மெக்கானிக் கடை முதலாளி திண்டிவனத்திலிருந்து வந்து, அவனுடைய டூல்ஸ் பையைக் கொடுத்துவிட்டுப் போனார். போன ஆடியில்தான் தம்பி பைபாஸில் லாரி இடித்துப் போய்விட்டான். இருபத்திரண்டு வயசு. அம்மா அந்தப் பையைத் தொடவில்லை. நான்தான் திறந்தேன்.

ஸ்க்ரூ டிரைவர் பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தான். ஒரு இடத்தில் மட்டும் டேப் தேய்ந்து உள்ளே பிளாஸ்டிக் தெரிந்தது. அதை என் வலது கையில் பிடித்துப் பார்த்தேன். என் பெருவிரல் அந்தத் தேய்மானத்தில் உட்காரவில்லை. இடது கைக்கு மாற்றினேன். அச்சாக உட்கார்ந்தது.

அவன் இடது கைக்காரன். யாருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். அவனுக்கு நான்கு வயசு இருக்கும்போது, அம்மா சொன்னாள் என்று, சாப்பிடும் நேரத்தில் அவன் இடது கையைத் துண்டால் கட்டிலில் கட்டிப் போட்டது நான்தான். அழுதுகொண்டே வலது கையால் தின்னப் பழகினான். கடைசி வரைக்கும் சோறு மட்டும் வலது கை, மற்ற எல்லாமே இடது கை. எந்தக் கையால் சாப்பிடுவாய் என்று கேட்டு அவனுக்கு ஒரு ஃபாரம் நிரப்பியிருந்தால், நான் என்ன எழுதியிருப்பேன்?

ஸ்க்ரூ டிரைவர் கையில் இருக்கும்போதே அந்த மூக்குத்தி ஞாபகம் வந்தது. அக்காவுக்கு மூக்குத்தி வலப்பக்கம். அதைத் திருகிய கை முகத்துக்குக் குறுக்கே வந்தது. என் கண் முன்னால்தான் வந்தது. இடது கை.

அவள் புருஷன் நம்பர் என் போனில் இருந்தது.

"அண்ணே, ஸ்கேன் சென்டர் பொண்ணு பேசறேன். அக்கா அறுப்புல கருக்கருவா எந்தக் கையில புடிப்பாங்க?"

"இன்னாத்துக்கும்மா?"

"ஜல்தியா சொல்லுங்கண்ணே."

"அவ பீச்சாங்கைக்காரிம்மா. அவளுக்குன்னு கொல்லன்கிட்ட பல்ல மாத்தி வெட்டச் சொல்லணும். வரிசையில ஓரத்துலதான் நிறுத்துவாங்க. நடுவுல நின்னா பக்கத்து ஆளு கைய இழுத்துடும்."

"அப்ப சாப்புடறது?"

"அதுவா, அவ ஆத்தா சூடு வெச்சுப் பழக்குனது."

"ஆஸ்பத்திரில எந்தக் கைன்னு கேட்டாங்களாண்ணே?"

"எந்தக் கையால எழுதுவன்னு கேட்டாங்க. எழுத்தே தெரியாது, எந்தக் கையா இருந்தா இன்னான்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அப்றம் உங்க ஃபாரத்தப் பாத்து எழுதிக்கினாங்க."

எனக்கு மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டத்தை ஃபாரத்தில் சும்மா வைத்திருக்க மாட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. டெக்னீஷியன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"வுடு தே. போன ஃபாரத்தக் கிளறினா பெரிய பேஜாரு. ஆபரேஷன் பண்றவரு பாக்காமயா கத்தி வெப்பாரு? நீ எட்டாவது, அவரு எவ்ளோ படிச்சவரு. நாளைக்கி ஒன் வேலை போச்சுன்னா நான் கேக்க முடியாது, ஆமா."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆஸ்பத்திரியில் அவர்களே கண்டுபிடித்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தம்பி ஹெல்மெட் எடுத்துக்கொண்டுதான் போயிருப்பான் என்று ஒரு நாள் நானும் நினைத்தேன். "இருப்பான்", "இருப்பார்கள்" என்ற வார்த்தையை நம்பி ஒரு தடவை உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு தடவை முடியாது.

டாக்டரம்மாவுக்கு நானே போன் போட்டேன். ஏழு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. மூக்குத்தி, கருக்கருவாள், சூடு வைத்தது, பேர் வராதது, நான் சிரித்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"பேரு வரலைன்னு அவர் சொன்னதை எனக்கு இன்னிக்குத்தான் சொல்ற?"

"ஆமாம் மேடம். தப்புதான்."

"தப்புதான். பெரிய தப்பு. இப்ப போன் பண்ணியே, அது சரி. இது ரெண்டையும் கூட்டிக் கழிச்சிப் பாத்துக்கினு உக்காராத. போனை வை. ஆபரேஷன் பண்றவருக்கு நான் பேசணும்."

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடக்கவில்லை. முக்கால்வாசிப் பேருக்கு மேலேயே பேச்சு மூளையின் இடப்பக்கம்தான் இருக்குமாம். இடது கைக்காரர்களிலும் நிறைய பேருக்கு அப்படித்தானாம். ஆனால் அவர்களில் சிலருக்கு வலப்பக்கம் இருக்கும், சிலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும், சோதித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா பிறகு விளக்கினார். அக்காவை மெஷினில் போட்டு, படம் காட்டிப் பேர் கேட்டு, எந்த இடம் வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். வலப்பக்கம். கட்டிக்கு ஒட்டினாற்போல, விரல் நுனி அளவு தள்ளி, அவளுடைய பேச்சு மொத்தமும் அங்கேதான் இருந்தது.

திட்டத்தையே மாற்றினார்கள். மண்டையைத் திறந்த பிறகு அவளை முழிக்க வைத்து, பேச விட்டுக்கொண்டே கட்டியை எடுப்பது என்று முடிவானது. பேச்சு தடுமாறினால் கத்தி நிற்கும். பேசினால் நகரும். அடுத்த வாரம் புதன்கிழமை வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. மூன்று மணிக்கு அவள் புருஷன் போன் செய்தார். கேட்டால்தான் பேசுகிற அந்த மனுஷன் பத்து நிமிஷம் மூச்சு விடாமல் பேசினார். எல்லாம் நர்சம்மா வெளியே வந்து அவரிடம் சொன்னது.

"படம் படமா காட்டுனாங்களாம்மா. மாடுன்னாளாம், கொடைன்னாளாம். மல்லாட்டைப் படத்தக் காட்டுனா, மல்லாட்டை, ஆனா வெயில்ல காய்ச்சல் பத்தல, வெலயக் கொறைப்பானுங்கன்னாளாம். அப்றம் ஒன் ஊட்டுக்காரர் பேரு இன்னான்னு கேட்டாராம் டாக்டரு."

"சொன்னாங்களாண்ணே?"

"எங்க? திருப்பதியில எத்தினி மலை கீதோ எண்ணிக்கோன்னாளாம். டாக்டரு கத்திய நிறுத்திட்டாராம். அம்மா, பேரச் சொன்னாத்தான் நான் மேல போவேன், எனுக்கு வேற வழியில்லன்னாராம். இவ, 'ஏழுமலை! போதுமா? ஊரக் கூட்டி என் மானத்த வாங்கினியே!'ன்னு கத்துனாளாம். உள்ள கீறவங்க எல்லாம் கைதட்டுனாங்களாம்மா."

துண்டால் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"முப்பது வருசத்துல மொத தரம்மா. நான் காதால கேக்கல, பாத்தியா" என்றார்.

நான் போனை வைத்துவிட்டு, துணி மாற்றுகிற ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தம்பி போனதிலிருந்து எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். இது அந்த அழுகை இல்லை. ஜெயித்த அழுகை. அவன் கையைக் கட்டிய பாவம் இதனால் கழிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அது கழியாது. ஆனால் அவன் கை எனக்குத் தெரிந்ததால் ஒருத்தியுடைய வாய் பிழைத்தது. அதை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

வேலை போகவில்லை. டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார், எல்லோர் முன்னாலும் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டெக்னீஷியன் அண்ணன் அந்த டீயில் பாதியைக் குடித்துவிட்டு, "நான் சொன்னத யாருகிட்டயும் சொல்லிடாத" என்றார். சொல்லிவிட்டேன், அண்ணா.

நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிற கையைக் கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான். அருவாள் எந்தக் கை, துடைப்பம் எந்தக் கை, கல்லை எந்தக் கையால் எறிவீர்கள் என்று கேளுங்கள். மரக்காணம் பக்கத்துக் கடல்காரர்களிடம் வலையை எந்தக் கையால் வீசுவீர்கள் என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் அவர்கள் செருப்பைக் கழற்றும்போதும், பொத்தானை அவிழ்க்கும்போதும் பாருங்கள். பேர் வரவில்லை என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். புருஷன் பேரைச் சொல்லாதவளிடம் ஒரு டம்ளரைக் காட்டி இது என்ன என்று கேளுங்கள். வலதா இடதா என்று சந்தேகம் வந்தால், எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுத வெட்கப்படாதீர்கள்.

ஆறு மாதம் கழித்து அக்கா மறுபடி ஸ்கேனுக்கு வந்தாள். தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. இதற்கு எந்தப் பார்லரில் எவ்வளவு கொடுத்தாள் என்று ரிசப்ஷன் பெண்ணிடம் ஒரு கதை விட்டாள். நான் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தேன். மெஷின் ஓட ஆரம்பித்தது.

படம் ஆடியிருந்தது. அண்ணன் மைக்கில் சொன்னார்.

"யம்மா, பேசாதீங்க. வாய அசைச்சா படம் கெட்டுடும்."

"நா எங்க பேசனேன்? போன வாரம் கமிட்டில ஒருத்தன் எங்க மூட்டைய ஈரம்ன்னான். அதான் மனசுக்குள்ள சொல்லிக்கினு இருந்தேன்."

"மனசுக்குள்ள சொல்றது எனக்கு இங்க கேக்குதும்மா."

இரண்டாம் தடவையும் ஆடியது. மூன்றாம் தடவையும் ஆடியது. வெளியே அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். என்ன தாமதம் என்று டாக்டரம்மா எழுந்து வந்தார். அண்ணன் கையைப் பிசைந்தார். டாக்டரம்மா மூன்று கெட்ட படத்தையும் திரையில் பார்த்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"பச்சையம்மா, அந்த ஈரம்னு சொன்னவன் அப்புறம் என்ன ஆனான்?"

மெஷினுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நாங்கள் மூன்று பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றோம். அக்கா ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல், வியாபாரி பேர், தரகர் பேர், எடைக்காரர் பேர், அவர்களுடைய அப்பன் பேர் எல்லாம் சொல்லித் திட்டி முடிக்க எட்டு நிமிஷம் ஆனது. கதவு திறந்திருந்ததால் பெஞ்சில் இருந்தவர்களும் கேட்டார்கள். யாரோ விசில் அடித்தார்.

"முடிஞ்சுதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவங்க கதயா? பாதிதான் ஆயிருக்கு" என்றாள் அக்கா. "நீ மொதல்ல படத்த எடு. மிச்சத்த வெளிய வந்து சொல்றேன்."